எங்கள் ஊருக்கே வந்த சுற்றுலா

நாங்கள் இருளர்கள். ஆனைகட்டி மலையில் எங்களுக்கு ஊர் இருந்தது. ஆனால் மழைக்காலம் போக மற்ற மாதமெல்லாம் அப்பாவும் அம்மாவும் தடாகம் பக்கத்துச் செங்கல் சூளையில்தான் கிடந்தார்கள். நான் கோயமுத்தூரில் கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் தங்கிப் பன்னிரண்டாவது வரை படித்தேன். பிறகு சுற்றுலாப் படிப்பு. தொண்ணூறுகளில் அது புதுசு. படித்தால் ஊர் ஊராகப் போகலாம் என்று விடுதி சிஸ்டர் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் சேர்ந்தேன்.

எந்த ரயிலுக்கு எங்கே மாற வேண்டும் என்று யார் கேட்டாலும் சொல்வேன். ஆனால் ஈரோட்டைத் தாண்டிப் போனதில்லை. கடைசி வருஷம் கோவாவுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார்கள். கடல் பார்க்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"தண்ணிக்கு ரொம்பக் கிட்டப் போகாத" என்றாள்.

கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் எங்கள் சார் வந்து, "கோவா அமையலீங்க. பக்கத்துலயே மலைவாழ் மக்கள் ஊரு ஒண்ணப் பாத்துட்டு வந்துரலாம்" என்றார். அடுத்து அவர் சொன்னது எங்கள் ஊரின் பெயர்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சோமனூர்த் தோழி, "உங்க ஊட்டுல டீ குடுப்பீங்களா?" என்று கேட்டாள்.

"ஊடு பூட்டிக் கெடக்கும். எல்லாரும் சூளையில இருப்பாங்க" என்றேன்.

போய் இறங்கினால் ஊரே வரிசையில் நின்றது. எங்களுக்கு ஆடிக் காட்டுவதற்காக ஏஜென்ட் ஒருவர் காலையிலேயே அவர்களைச் சூளையிலிருந்து லாரியில் கொண்டுவந்திருந்தார். பெண்களுக்கெல்லாம் ஒரே மாதிரிப் பச்சைச் சேலை. அம்மாவும் நின்றாள். தலைமுடியில் செம்மண் தூசி அப்படியே இருந்தது.

என்னைப் பார்த்ததும் கிட்டே வந்து எங்கள் பேச்சில் மெதுவாகச் சொன்னாள். "ஒருத்தி காய்ச்சல்ல படுத்துட்டா, கண்ணு. ஆளு கொறஞ்சா அந்தாளு ஏசுவான். நீ வந்து நில்லு."

சார் அதைப் புரிந்துகொண்டார் போல. "போங்க அம்மணி, நல்லாருக்கும்" என்றார்.

சுடிதார் மேலேயே சேலையைச் சுற்றிக்கொண்டு நின்றேன். சாவு வீட்டிலும் நாங்கள் ஆடுகிற ஆட்டம் அது. இன்னும் வேகமாக அடிக்கச் சொல்லி ஏஜென்ட் மேளக்காரர்களை அதட்டினார். என்னோடு படித்தவர்கள் கேமராவை எடுத்தார்கள். சோமனூர்க்காரி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பும்போது யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. செய்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

படிப்பு முடிந்ததும் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு டிராவல்ஸுக்கு வேலை கேட்டுப் போனேன். ஊரைக் கேட்டதும் முதலாளிக்கு முகம் மலர்ந்தது.

"உங்க மலையில ரிசார்ட் ஒண்ணு திறக்கறோம். வர்றவங்கள வரவேற்க உங்காளுங்கதான் வேணும். டிரெஸ் நாங்களே குடுத்துர்றோம்."

"டிக்கெட் போடற வேலை இருந்தாப் பரவால்லீங்க."

"அதுக்கு ஆளு இருக்குதுங்க. உங்களுக்கு இதுதான் பொருத்தம்."

வேறு இரண்டு மூன்று இடங்களிலும் கேட்டுப் பார்த்துவிட்டு அந்த வேலைக்கே போனேன். பாசிமணியும் பச்சைச் சேலையுமாக வாசலில் நின்று, பம்பாயிலிருந்தும் டெல்லியிலிருந்தும் வருகிறவர்களுக்குப் பொட்டு வைத்தேன். எம்புள்ளைக்கு ஊர்ப் பக்கத்திலேயே வேலை கெடச்சுப்போச்சு என்று அம்மா சூளையில் எல்லோரிடமும் சொன்னாள். அவள் சந்தோஷமாக இருந்தாள்.