முத்தவ்வாவின் இரண்டாவது குண்டு

என் மனைவி முத்தவ்வாவிடம் அடி வாங்காத ஆள் எங்கள் ஊரில் குறைவு. என்னைக் கேட்டால் அதில் பாதிப் பேர் வாங்க வேண்டியவர்கள்தான். மீதிப் பாதியில் நானும் இருக்கிறேன். என் புருவத்தில் இருக்கும் வெட்டு, கல்யாணமான புதிதில் தெரியாமல் அவளுடைய தட்டில் சாப்பிட்டதற்காக விழுந்தது.

என் அண்ணன் பெள்ளியப்பாவின் மகள் கல்யாணத்தில் நடந்ததைத்தான் குடகு முழுக்க இன்னும் பேசுகிறார்கள். மேளக்காரன் அவள் காதுக்குப் பக்கத்தில் நின்று அடித்தான். தள்ளிப் போகச் சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டே இன்னும் கிட்டே வந்தான். மேளத்தை உதைத்துக் கிழித்துவிட்டு, தன் தலையாலேயே அவன் மூக்கில் மோதினாள். மணப்பெண்ணின் சிவப்புப் புடவையில் ரத்தம் தெரியவில்லை. அண்ணன் முகத்தில் தெறித்தது நன்றாகவே தெரிந்தது. அன்றைக்கு மண்டபத்தின் பின்னால் போய் அவள் தன் தலையைச் சுவரில் மோதிக்கொண்டதை மட்டும் யாரும் பேசுவதில்லை. அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். அதற்கப்புறம்தான் அவளை மைசூரில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

அந்த டாக்டரம்மா வயதில் சின்னவள், ஆனால் சுற்றி வளைக்காமல் பேசினாள். முத்தவ்வாவுக்கு ஆட்டிசமும் இருக்கிறது, கவனச்சிதறலும் இருக்கிறது, பிறந்ததிலிருந்தே இருக்கிறது என்றாள். நாற்பதை நெருங்கும் ஒருத்திக்கு இப்போது வந்து சொல்கிறார்களே என்று எனக்குக் கோபம் வந்தது.

"ஒரே தலைக்குள்ள ரெண்டு பேர் குடித்தனம் பண்றாங்க," என்றாள் டாக்டரம்மா. "ஒருத்திக்கு எல்லாம் நேத்து மாதிரியே இருக்கணும். இன்னொருத்திக்கு இந்த நிமிஷமே புதுசா ஏதாச்சும் வேணும். ரெண்டு பேரும் உள்ள அடிச்சுக்கிறாங்க. வெளிய தெறிக்கிறதுதான் உங்க மேல விழுது."

முத்தவ்வா என்னைத் திரும்பிப் பார்த்து, "நான் சொன்னா நம்ப மாட்டீங்களே," என்றாள்.

அது உண்மை. பன்றியைப் பாதி அறுத்துவிட்டு, பம்பு செட் ஞாபகம் வந்து ஓடிவிடுவாள். பம்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மிளகுக் கொடிக்கு ஏணி சாத்துவாள். வெட்டுப்பட்ட பன்றி முற்றத்தில் ஈ மொய்க்கக் கிடக்கும். இத்தனைக்கும் அடுக்களையில் கரண்டி ஒரு விரல் தள்ளி மாட்டியிருந்தால் வீடே ரணகளம். துப்பாக்கியைத் தோளில் வைத்தால் மட்டும் உள்ளே இருக்கும் இரண்டு பேரும் சேர்ந்து மூச்சை அடக்குவார்கள். கைல்போல்து பண்டிகையில் தென்னை உச்சியில் கட்டிய தேங்காயைச் சுடும் போட்டியில் எங்கள் வீட்டு இரட்டைக் குழல் துப்பாக்கியோடு அவள் வந்து நின்றால், ஆண்பிள்ளைகள் பாதிப் பேர் காப்பி குடிக்கப் போய்விடுவார்கள்.

துப்பாக்கி விஷயத்தில் அவளுக்கு விளையாட்டே கிடையாது. எங்கள் ஊரில் ஒரு வீட்டில் ஆண் குழந்தை பிறந்தால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி. சாவு விழுந்தால் அடுத்தடுத்து இரண்டு வெடி. இரண்டு கேட்டால் எவன் என்ன வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு, வெள்ளை கட்டிக்கொண்டு ஓடி வர வேண்டும். புத்தரி என்கிற அறுவடைப் பண்டிகை நாளில் பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் குடித்துவிட்டு வேடிக்கைக்கு இரண்டு தடவை சுட்டான். ஊரே அலறிக்கொண்டு வந்தது. முத்தவ்வா அவன் துப்பாக்கியைப் பிடுங்கி, அதன் கட்டையாலேயே அவன் முன்பல்லை உடைத்தாள். "துப்பாக்கி பொய் சொல்லக் கூடாது," என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு அடிக்கு மட்டும் ஊர் அவள் பக்கம் நின்றது.

கவனச்சிதறலுக்கு டாக்டரம்மா தந்த மாத்திரையை ஆரம்பித்த முதல் வாரம் நான் கோயிலுக்கு நேர்ந்துகொள்ளும் அளவுக்கு மகிழ்ந்து போனேன். தொட்ட வேலையை முடித்தாள். பன்றி முழுசாக அறுபட்டது. பம்பு ஓடியது. "தலைக்குள்ள இத்தனை எடம் இருக்குன்னு தெரியாது," என்று சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன்.

அப்புறம்தான் வந்தது வினை. ஓடிக்கொண்டே இருந்த ஒருத்தியை மாத்திரை பிடித்து உட்கார வைத்துவிட்டது. எல்லாம் நேற்று மாதிரியே இருக்க வேண்டும் என்கிறவள் தனியாக ராஜ்ஜியம் பண்ண ஆரம்பித்தாள். முன்பெல்லாம் பாதி சத்தம் காதில் விழுவதற்குள் கவனம் வேறெங்கோ போயிருக்கும். இப்போது ஒவ்வொரு சத்தமும் தனித்தனியாக வந்து குத்தியது. காப்பி மூட்டையைக் குறுக்கே அடுக்கிய வேலையாளை மூட்டையோடு சேர்த்துத் தள்ளினாள். பன்றிக் கறியில் புளிப்புக்கு ஊற்றும் கருப்புக் காடியை நான் கொஞ்சம் முந்தி ஊற்றிவிட்டேன் என்று கொதிக்கிற சட்டியை என் காலடியில் போட்டு உடைத்தாள். காலையில் இப்படி என்றால், மாத்திரையின் வேகம் இறங்குகிற சாயங்கால நேரம் அதைவிட மோசம். அந்த ஒரு மணி நேரம் இரண்டு பேரும் ஒன்றாக விழித்துக்கொள்வார்கள். ஒருநாள் என் தோளைக் கடித்துச் சதையைப் பிய்த்தாள். பிறகு அவளே மருந்து வைத்துக் கட்டினாள்.

இரண்டும் சேர்ந்து இருப்பவர்களுக்கு மாத்திரை ஆளுக்கு ஒரு மாதிரி வேலை செய்யும், சிலருக்குத் தொந்தரவுதான் முன்னால் நிற்கும், அவசரப்படாமல் அளவைக் குறைத்துப் பார்க்கலாம் என்றாள் டாக்டரம்மா. கோபத்துக்கென்று இன்னொரு மாத்திரையும் தந்து பார்த்தாள். அதைத் தின்றால் முத்தவ்வா வேக வைத்த கிழங்கு மாதிரி நாள் முழுக்கக் கிடந்தாள். நாலு நாள் கழித்து மீதியைப் பன்றித் தொட்டியில் கொட்டிவிட்டாள். ஒரு பன்றி மறுநாள் வரை எழுந்திருக்கவில்லை.

இதெல்லாம் பெள்ளியப்பாவின் காதுக்குப் போகாமல் இருக்குமா? குடும்பத்தில் மூத்தவன் அவன். துப்பாக்கியைத் தன் வீட்டுக்குக் கொண்டு போகப் போவதாகவும், முத்தவ்வாவைப் பெங்களூர்ப் பக்கம் ஒரு விடுதியில் சேர்க்கப் போவதாகவும் என் முற்றத்தில் நின்று சொன்னான்.

"இன்னைக்கு உன் தோளு. நாளைக்கு உன் நெஞ்சு," என்றான். "அவ கையில துப்பாக்கிய வச்சுக்கிட்டு நீ தூங்குறியேடா."

நான் அவனை அறைந்தேன். காயப்போட்டிருந்த காப்பிக் கொட்டைமேல் இருவரும் கட்டிப் புரண்டோம். அவனுக்கு உதடு கிழிந்தது, எனக்கு விரல் பிசகியது. முத்தவ்வா வாசல்படியில் நின்று, கொட்டை சிதறுகிறது என்று எங்கள் இருவரையும் திட்டினாள். சண்டை போட்டேனே தவிர, அண்ணன் சொன்னது என்னை விடவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அவள் யாரையாவது கொன்றுவிடுவாள், இல்லை தன்னையே முடித்துக்கொள்வாள்.

நெல் முற்றியிருந்த சமயம் அது. காட்டுப்பன்றிகள் இருட்டுவதற்கு முன்பே இறங்கி வயலைக் கிண்டிக்கொண்டிருந்தன. நான் பக்கத்துத் தோட்டத்துத் தம்மய்யாவின் களத்தில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் வயல் பக்கமிருந்து ஒரு வெடி கேட்டது. பன்றி என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு இரண்டு, அடுத்தடுத்து.

தம்மய்யா என் முகத்தைப் பார்க்காமல் வெள்ளை வேட்டி எடுக்க வீட்டுக்குள் போனார். நான் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினேன். எங்கள் வீட்டுத் துப்பாக்கியின் சத்தம் எனக்குத் தெரியாதா? யாரோ செத்துவிட்டார்கள். சுட்டது அவள் என்றால் அவள் உயிரோடு இருக்கிறாள், செத்தது வேறு ஆள். அப்படி நினைத்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி வந்ததற்காக என்னை நானே காறித் துப்பிக்கொண்டு ஓடினேன்.

நடந்ததைப் பிறகு இரண்டு பேருமே சொன்னார்கள். இரண்டு கதையும் ஒத்துப்போயின. அவளுக்குப் பொய் வராது. அண்ணனுக்கு வரும், ஆனால் இதில் அவன் சொல்லவில்லை.

நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துத்தான் பெள்ளியப்பா துப்பாக்கியை வாங்க வந்திருக்கிறான். வரப்பில் காவல் நின்றவளிடம் குழலைப் பிடித்து இழுத்திருக்கிறான். அவள் அவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ள, மல்லாந்து வயலுக்குள் விழுந்தான். விழுந்த இடத்தில் நெல்லுக்குள் படுத்திருந்தது ஆண் பன்றி. எழுந்த வேகத்தில் கொம்புப் பல்லால் அவன் தொடையைக் கிழித்தது. முத்தவ்வா சுட்டாள். பட்டது, ஆனால் விழவில்லை. மறுபடி அவன்மேலேயே பாய்ந்தது. இன்னொரு குழலில் தோட்டா இருந்தது. விரல் விசைமேல் இருந்தது.

அவள் அழுத்தவில்லை. இரண்டாவது வெடி வெடித்தால் சாவு என்று அர்த்தம். யாரும் சாகவில்லை. அவள் யோசித்து நின்ற நேரத்தில் பன்றி அதே தொடையை இன்னும் ஆழமாகக் கிழித்து, அவனோடு சேர்ந்து உருண்டது. துப்பாக்கியை வரப்பில் சாத்தி வைத்துவிட்டு, இடுப்பில் இருந்த கிளை கழிக்கும் கத்தியை உருவிக்கொண்டு பன்றிமேல் விழுந்தாள். முன்னங்காலுக்குப் பின்னால் செருகி, பிடியை விடாமல் திருகினாள். அது அவளைச் சேற்றோடு சேர்த்து வயல் குறுக்கே இழுத்துப் போனது. அவளுக்கு விலா எலும்பு முறிந்த சத்தத்தை அண்ணனே கேட்டானாம். பன்றி செத்த பிறகும் அவள் குத்துவதை நிறுத்தவில்லை. மாத்திரையின் வேகம் இறங்குகிற நேரம் அல்லவா?

அண்ணனின் தொடையில் ரத்தம் பீறிட்டுக்கொண்டிருந்தது. துப்பாக்கி வாரைக் கழற்றி இறுகக் கட்டினாள். அப்படியும் நிற்கவில்லை. அந்த வயலில் போனுக்குச் சிக்னல் கிடையாது.

"சுடு," என்றான் பெள்ளியப்பா. "ரெண்டு போடு. ஆளுங்க வருவாங்க."

"நீங்க செத்துட்டீங்களா, பாவா?"

"இல்லடி. சாகப் போறேன்."

"அப்ப சுட முடியாது. செத்தப்புறம் சுடுறேன்."

"செத்தப்புறம் எதுக்குடி ஆளு?"

அவள் வாரை இன்னும் இறுக்கினாள். அண்ணனுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இந்தப் பிசாசிடம் அவள் கணக்குப்படியே போனால்தான் வேலைக்கு ஆகும் என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்திருக்கிறது.

"சரி, நான் செத்துட்டேன்," என்றான். "நானே சொல்றேன். போதுமா?"

"பேசுறீங்களே."

"இதோட பேச மாட்டேன்."

கண்ணையும் வாயையும் மூடிக்கொண்டான். அவள் குனிந்து, உண்மையாகவே மூடிவிட்டானா என்று பார்த்தாள். பிறகு காலிக் குழலில் தோட்டா போட்டு, வானத்தைப் பார்த்து இரண்டு வெடி போட்டாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது உச்சி முதல் பாதம் வரை ரத்தமும் சேறுமாக உட்கார்ந்து, அண்ணனின் தொடையை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தாள். அவள் உயிரோடு இருப்பதைப் பார்த்து நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அதற்குள் வெள்ளை வெள்ளையாக ஊர் வந்து சூழ்ந்தது. அண்ணி மார்பில் அடித்துக்கொண்டு விழுந்தாள். பெள்ளியப்பா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். அண்ணி இன்னும் சத்தமாக அலறினாள்.

"வாயத் திறக்காதீங்க, பாவா," என்றாள் முத்தவ்வா.

அவன் திறக்கவில்லை. தம்மய்யாவின் ஜீப்பில் ஏற்றும்போதும், வழி முழுக்கப் பள்ளத்தில் தூக்கிப் போட்டபோதும், பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தானே ஒழிய முனகல்கூட வரவில்லை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

அவன் நொண்டிக்கொண்டு வீடு திரும்பிய பிறகு, பொய்ச் சாவு அறிவித்ததைப் பற்றி விசாரிக்க ஊர்ப் பெரியவர்கள் எங்கள் முற்றத்தில் கூடினார்கள். அதற்கு அபராதமாகக் கோயிலுக்கு ஒரு பன்றி என்று முடிந்தது. அடுத்து துப்பாக்கிப் பேச்சு வந்தது. மூத்தவன் சொல்லட்டும் என்று எல்லாரும் பெள்ளியப்பாவைப் பார்த்தார்கள். அவன் தொண்டையைக் கனைத்தான்.

விலாவில் கட்டோடு தூணில் சாய்ந்திருந்த முத்தவ்வா, "இதோட பேச மாட்டேன்னு சொன்னீங்க," என்றாள். கேலியே இல்லை அவள் குரலில். சொன்ன சொல்லை ஞாபகப்படுத்தினாள், அவ்வளவுதான்.

யாரோ சிரித்தார்கள். பெள்ளியப்பா சிரிக்கவில்லை. தன் தொடையைப் பார்த்தான், சுவரில் மாட்டியிருந்த துப்பாக்கியைப் பார்த்தான், வாயை மூடிக்கொண்டான். விடுதிப் பேச்சும் அத்தோடு போயிற்று.

அடுத்த தடவை மைசூர் போனபோது நடந்ததையெல்லாம் டாக்டரம்மாவிடம் முத்தவ்வாவே சொன்னாள். டாக்டரம்மா மாத்திரையின் அளவைக் குறைத்து, காலையில் பாதி, மத்தியானம் பாதி என்று பிரித்துக் கொடுத்தாள். இப்போது சாயங்காலம் முன்பைவிடத் தேவலை. தேவலை என்றால், போன வாரம் பறந்தது சட்டி இல்லை, டம்ளர்தான்.

அன்று கிளம்பும்போது டாக்டரம்மா, "மாத்திரை உங்களுக்கு நல்லது பண்ணுதா, கெட்டது பண்ணுதான்னு நீங்களே சொல்லுங்க," என்று கேட்டாள்.



"மாத்திரை போடாத நாளா இருந்தா ரெண்டாவது குண்டையும் யோசிக்காம போட்டிருப்பேன்," என்றாள் முத்தவ்வா. "பன்னியும் பாவாவும் ஒண்ணா உருண்டுக்கிட்டு இருந்தாங்க. யார் மேல பட்டிருக்குமோ தெரியாது. மாத்திரை போட்டதால யோசிச்சுக்கிட்டே நின்னேன். நின்ன நேரத்துல அவருக்குத் தொடை போச்சு. அது நல்லதா கெட்டதான்னு பாவாவைத்தான் கேக்கணும்."

அப்புறம் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னாள்.

"ஆனா அவரு பேச மாட்டாரு."