நான் தாண்டிய வரி

பழைய பிரெஞ்சுப் பத்திரங்களைத் தமிழில் எழுதிக் கொடுப்பது என் தொழில். எழுபதுகளின் கடைசியில் ஒருநாள், நியூசிலாந்திலிருந்து புதுச்சேரிக்கு வந்து தங்கியிருந்த, அந்நாட்டுப் பூர்வகுடியான மாவோரிப் பெண் ஒருவர் என் வீடு தேடி வந்தார். நூறு வருஷத்துக்கும் முன்பு, கடல்நாய்த் தோலுக்காக அவர்கள் ஊர்க் கரையில் இறங்கிய பிரெஞ்சு மாலுமி ஒருவனின் நாட்குறிப்பு நகலை நீட்டி, ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார்.

பசியில் கிடந்த மாலுமிகளுக்கு அவ்வூர்ப் பெண்கள் மீன் கொடுத்ததை, வரிமேல் விரலோட்டிப் படித்தேன். அடுத்த வரி, “அவர்கள் குடிசைகளைக் கொளுத்தினோம்” என்றிருந்தது. படிக்க மனசு வரவில்லை. தாண்டிவிட்டேன்.

“உங்கள் விரல் ஒரு வரியை விட்டுவிட்டதே?” என்றார் அவர்.

என்னவென்று கேட்ட என் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் கொதித்துவிட்டாள்.

“பத்திரத்துல ஒரு புள்ளிய வுட மாட்டீங்க. அவங்க வூட்டு சங்கதிய மறைக்க நீங்க யாரு? படிங்க!”

படித்தேன். அவர் அழவில்லை.

“தலைமுறை தலைமுறையாக நாங்கள் இதைச் சொல்லி வருகிறோம். யாரும் நம்பியதில்லை. இன்னொரு முறை படியுங்கள்.”

மறுபடி படித்தேன். அவர் மனம் நோகக் கூடாதென்றுதான் மறைத்தேன் என்று அன்று நினைத்தேன். இப்போது யோசித்தால், நான் காப்பாற்றப் பார்த்தது கொளுத்தியவனை.