கரி மிஸ்ஸின் வெள்ளைப் போர்வை

வகுப்புக்குள் நுழைந்ததும் மிஸ் முதலில் விளக்கை அணைக்கிறார். பிறகுதான் பிள்ளைகளின் வணக்கத்துக்குப் பதில். ஆளில்லாத அறையில் ஓடும் மின்விசிறியைக் கண்டால், அநாதைக் குழந்தையைக் கண்டவர்போல் அவர் கண் கலங்கும். தலைமையாசிரியை உள்ளே இருக்கும்போதே அவரது அறை விளக்கை அணைத்தவர். "ஜன்னல் எதுக்கு மேடம் வச்சிருக்கு, வேடிக்கை பார்க்கவா?"

ஐந்தாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை. நாம் ஓட்டும் வண்டியெல்லாம் காற்றில் கரியைக் கக்குகிறது, அதுதான் நமது கார்பன் தடம் என்பதைப் பலகையில் எழுதி நிறுத்திக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. வகுப்பு வாசலில் தினமும் ஒரு வெள்ளைப் போர்வையை விரிக்கிறார். பக்கத்தில் தட்டு நிறையக் கரித்தூள். வண்டியில் வந்த பிள்ளை கரியில் கால் வைத்து, போர்வையில் ஒரு மிதி மிதிக்க வேண்டும். நடந்து வந்த பிள்ளை ராஜநடையாகத் தாண்டிப் போகலாம்.

"காத்துல போறது கண்ணுக்குத் தெரியாதுடா கண்ணுங்களா. இங்க தெரியும்ல?"

வீட்டுக்கு வீடு தரையில் கறுப்புப் பாதங்கள். அம்மாக்கள் வயிறெரிந்து வைத்த பெயர்தான் கரி மிஸ்.

ஒரே ஒரு நாள் போர்வை வெள்ளையாக இருந்தால், அன்று முழுக்கப் பாடம் மரத்தடியில் என்று வாக்குக் கொடுத்திருந்தார். அதற்காகப் பிள்ளைகள் அப்பாக்களின் காலைப் பிடித்து அழுதார்கள். "மிஸ்ஸே நடந்துதான வர்றாங்க, உனக்கென்னப்பா?" என்று என் மகளும் என் தலையில் இடியை இறக்கினாள்.

மிஸ் வருவது ஸ்கூட்டரில். அதைத் தெருமுனைத் தையல் கடைக்குப் பின்னால் மறைத்துவிட்டு, பள்ளி வாசல்வரை மட்டும் பாதயாத்திரை. "காலையில எழுந்திரிக்க முடியலண்ணே, வெளிய சொல்லிடாதீங்க" என்று தையற்காரரிடம் கெஞ்சல். அவர் என்னைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

அந்தப் பொன்னாளும் வந்தது. கடைசிப் பிள்ளையாக என் மகள் தாண்டினாள். அன்று பிள்ளைகளே விரித்திருந்த போர்வை பால்போல் கிடந்தது. அவளோடு நடந்தே வந்த நான் மூச்சு வாங்கக் கதவோரம் சாய்ந்திருந்தேன். தாமதமாகிவிட்ட மிஸ் ஓட்டமும் நடையுமாக வந்து, போர்வையைத் தாண்டி, விளக்கை அணைத்து, ஆனந்தக் கண்ணீரோடு திரும்பினார்.

தலையில் ஹெல்மெட்.

என் மகள்தான் எழுந்தாள். "மிஸ், நடந்து வர்றதுக்கு எதுக்கு ஹெல்மெட்?"

மிஸ்ஸின் கை மெல்லத் தலைக்குப் போய்த் தடவிப் பார்த்தது. "அது வந்து... மேல இருந்து எதாவது விழுந்துட்டா..."

"நெஜமாவா மிஸ்?" பின்வரிசையிலிருந்து ஒரு குரல். அதில் கேலியில்லை, நம்பத் தயாராக இருந்தது. அத்தனை முகங்களும் அப்படித்தான் இருந்தன. ஆம் என்று தலையாட்டினால் போதும், எல்லோரும் மரத்தடிக்கு ஓடிவிடலாம்.

மிஸ் ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார். வாசலுக்கு வந்தார். புடவையைக் கணுக்காலுக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பை உதறிவிட்டு, வலது காலைக் கரித்தட்டுக்குள் அழுத்தி வைத்தார்.