கோவிந்தன் பேர் வெட்டிய அண்டா

பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறவனுக்கு முதுகுவலி நிரந்தரம், காது மந்தம் நிச்சயம், சுற்று வட்டாரத்து ஆண்கள் அத்தனை பேருடைய இனிஷியலும் மனப்பாடம். கள்ளக்குறிச்சியில் ஒரு பாத்திரக் கடை வாசலில் சாக்கு விரித்து நான் செய்த தொழில் அது. யாரும் கற்றுத் தரவில்லை; ஓட்டை மூடிகளில் தட்டித் தட்டி நானே பழகினேன். எழுத்து மட்டும் என் மனைவி சரோஜாவுடையது. அவள் சாக்பீஸால் எழுதித் தருவாள், நான் அதன்மேல் உளி வைத்துப் புள்ளி புள்ளியாக அடிப்பேன். பாராட்டு எனக்கு வரும். அவள் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. கடை வாசலில் குந்திப் பிழைத்தவர்கள் உங்களில் இருந்தால், இனி சொல்லப்போவதை நம்புவீர்கள்.

பெயர் கேட்டபோது

வடக்கனந்தல் அஞ்சலை கல்யாண வீடுகளில் சமைக்கிறவள். நிலம் கிடையாது. வாடகைப் பாத்திரத்தில் சமைத்தால் கூலியில் பாதி வாடகைக்கே போய்விடும். கரும்பு வெட்டப் போய், சீட்டுப் போட்டு, ஒருவழியாகச் சொந்தமாக ஒரு பெரிய அலுமினிய அண்டா வாங்கிவிட்டாள். தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து நின்றபோது அண்டாவுக்குக் கால் முளைத்த மாதிரி இருந்தது.

வீட்டுக்காரர் பெயர் கேட்டேன். சொல்ல மாட்டாளே! "திருப்பதி மலை ஏறச்சொல்ல கத்துவாங்களே ண்ணா, அதான்" என்றாள். ச. கோவிந்தன், வடக்கனந்தல் என்று முடிவானது. சரோஜா சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு, "வாங்குனது நீ. உம்பேர எழுதட்டுமா?" என்று கேட்டாள்.

"ஆம்பள பேரு இருந்தாதான் அண்ணி எரவல் வாங்கினு போறவன் திருப்பிக் குடுப்பான். எம்பேர பாத்து எவன் பயப்படுவான்?"

கரும்புக் கொல்லை

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் மரங்களைச் சாய்த்துச் சாலையை மறித்த காலம் வந்தது. வண்டி ஒன்றும் ஓடவில்லை. மறியலில் உட்கார்ந்தவர்களுக்குச் சோறு வேண்டுமே, கோவிந்தன் யாரையும் கேட்காமல் அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ரோட்டோரம் கல்கூட்டி, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு சமைத்தது அஞ்சலையும் தெருப் பெண்களும். சாய்ந்த மரத்தின்மேல் ஏறிப் பேசியது கோவிந்தனும் மற்ற ஆண்களும்.

போலீஸ் வேன் வந்ததும் பேசியவர்கள் கரும்புக் கொல்லைக்குள் பாய்ந்துவிட்டார்கள். புளிச்சோறும் அண்டாவும் ரோட்டில் நின்றன. சோற்றைக் கொட்டிவிட்டு அண்டாவை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வரும் முகூர்த்தத்துக்குச் சின்னசேலத்தில் ஒரு கல்யாணத்துக்குச் சமைக்க அஞ்சலை வெற்றிலை பாக்கு வாங்கி ஒப்புக்கொண்டிருந்தாள். அண்டா இல்லையென்றால் அந்த வேலை வேறு ஆளுக்குப் போகும்; ஒருமுறை கைமாறிய வீடு பிறகு கூப்பிடாது. எங்கள் சாக்கில் வந்து தொப்பென்று உட்கார்ந்தாள்.

"பத்து ஆம்பளைங்க ஓடுனாங்க அண்ணி. ஆளுக்கு ஒரு கை புடிச்சிருந்தா அண்டாவும் ஓடியிருக்கும்."

விசாரணை

அண்டாவில் பெயர் இருந்ததால் போலீஸுக்குப் பாதி வேலை மிச்சம். மறுநாளே ஒரு ஏட்டு கடை வாசலுக்கு வந்தார். "இந்த எழுத்து யாருது?" என்றார். அதுவரை பாராட்டாக மட்டுமே கேட்ட கேள்வி அது.

"எழுத்து என்னுது சார். அடிக்கிறதுதான் அவரு" என்றாள் சரோஜா. யார் அந்தக் கோவிந்தன் என்றார். தெருவுக்கு நாலு கோவிந்தன் இருக்கிறார்கள், பாதிப் பேருக்கு இனிஷியலும் அதுவே என்றாள். ஏட்டு விடவில்லை. "சரி, அண்டாவ எடுத்தாந்த ஆளு எப்பிடி இருப்பான்? குட்டையா, நெட்டையா?"

"எந்த ஊர்ல சார் ஆம்பளைங்க பாத்திரம் எடுத்தாறாங்க?"

கரியாலூர் விருந்தாளி

கோவிந்தன் மலைக்குப் போய்விட்டார் என்று எங்களுக்குத் தெரிந்தது ஒரு குடத்தால். மலைமேல் கரியாலூரிலிருந்து புளி விற்க இறங்கிய ஒரு அம்மா, புதுக்குடம் வாங்கி என் முன்னால் வைத்தார். வீட்டில் விருந்தாளியாம். வடக்கனந்தல்காரராம். போராட்டத்தில் இருக்கிறவராம். கூரைக்கடியில் உட்கார்ந்து காலையிலிருந்து தம் வீட்டுக்காரருக்குப் போராட்டத்தை விளக்குகிறாராம். இரண்டு பேருக்கும் களி கிண்டி, ஊற்றுக்கும் வீட்டுக்கும் நடந்து கால் ஓய்ந்துவிட்டது என்றார்.

சரோஜாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் வழக்கம்போல, "வீட்டுக்காரர் பேரு சொல்லுங்க" என்றேன். அந்த அம்மா என்னைப் புரியாமல் பார்த்தார்.

"அவுரு பேரு எதுக்குங்க? அவுரா தண்ணி தூக்கறாரு?"

ஸ்டேஷனில்

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் அஞ்சலை என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டாள். எனக்குத் திடீரென்று உளி தீட்டும் வேலை வந்துவிட்டது. "ஏங்க, அவ ஒருத்தி போறா, நீங்க பின்னாடி நிக்கறதுக்கா பயம்?" என்று சரோஜா சட்டையை எடுத்து நீட்டிவிட்டாள்.

ஸ்டேஷன் மூலையில் அண்டா கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் யாரோ லத்தியைச் சாத்தி வைத்திருந்தார்கள். அஞ்சலை நேரே போய் லத்தியை எடுத்து ஓரமாக வைத்தாள். இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். "கோவிந்தன்னு பேர் இருக்கு. அவன வரச்சொல்லு. வந்து எடுத்துக்கட்டும்" என்றார். அவர் வந்தால் என்ன ஆகும் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"பேருதான் சார் அவுருது, அண்டா என்னுது. அவுரு வேணும்னா தேடிப் புடிச்சி வெச்சிக்குங்க, எனக்கு அண்டாவ குடுங்க. நாளைக்குக் கண்ணாலம், எரநூறு பேருக்கு நீங்களா சோறாக்கப் போறீங்க?"

கீழே கொஞ்சம் இடம்

ஏட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. ஆனால் கைநாட்டு வாங்கிக்கொண்டு, "எடுத்துனு போ" என்றார். நான் ஒரு பக்கம் பிடிக்கப் போனேன். வேண்டாமென்று தலையில் கவிழ்த்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். வடக்கனந்தலுக்குத்தான் போகிறாள் என்று நினைத்தேன்; என் சாக்கின்மேல் கொண்டுவந்து இறக்கினாள். தன் பெயரை வெட்டச் சொன்னாள்.

கோவிந்தன் பெயரைத் தட்டி அழித்துவிடட்டுமா என்று கேட்டேன். பதறிப்போனாள். அது அப்படியே இருக்கட்டும், மலையிலிருந்து மனுஷன் நல்லபடியாக இறங்கி வரட்டும் என்றாள். அதற்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. சரோஜா அங்கே எழுதினாள். அவள் எழுத்தில் நான் பார்த்ததிலேயே பெரிய எழுத்து. மேலே இருந்த கோவிந்தன் சின்னப் பையன் மாதிரி தெரிந்தார். நான் அடித்து முடித்ததும் அஞ்சலை விரலால் புள்ளிகளைத் தடவிப் பார்த்தாள். படிக்கத் தெரியாது. "இதான் அஞ்சலையா அண்ணி?" என்று கேட்டாள். அதேதான் என்றாள் சரோஜா.

"நல்லாத்தான் கீது. இனிமே அண்டாவுக்கு இன்னா ஆனாலும் நேரா என்னியே வந்து கேக்கட்டும்."

இத்தனை வருடம் நான் வெட்டிய பாத்திரங்களில் உரியவர் பெயர்தான் இருக்கிறது என்று துணிந்து சொல்ல முடிவது அந்த ஒரு அண்டாவைப் பற்றித்தான், அதிலும் கீழ் வரியைப் பற்றி மட்டும்தான்.