சாம்பல் பூத்த கோலம்

இரண்டு வாரத்துக்கு முன்பு, ஒரு வியாழக்கிழமை, என் மாட்டுப்பெண் வேதாவை ஜட்காவில் ஏற்றி, ஸ்ரீரங்கத்தில் என் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். அனுப்புகிறவளா நான் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான்...

நாங்கள் குடியிருப்பது திருச்சி டவுனில், பவர் ஹவுஸுக்குப் பக்கத்துத் தெரு. நிலக்கரியை எரித்து எலெக்ட்ரிக் உண்டாக்கும், உயரமான புகைக்கூண்டு வைத்த இடம். என் பிள்ளைக்கு அங்கேதான் ஆபீஸ் உத்தியோகம். தெருவிலேயே முதலில் பல்பு எரிந்தது எங்கள் கூடத்தில் — இதை என் வாயால் கேட்காதவர்கள் ஊரில் கிடையாது.

வேதாவுக்கு ஐப்பசியிலிருந்தே இருமல். மார்கழி பிறந்ததும் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. எல்.எம்.பி. டாக்டர் வந்து பார்த்தார். பவர் ஹவுஸ் புகைதான் காரணம், இரண்டு மாதம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வைத்திருங்கள், இப்படியே விட்டால் நெஞ்சு கெட்டுவிடும் என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. மார்கழிக் காற்றை விடவா மருந்து? விடியற்காலையில் எழுந்து பெரிய கோலமாகப் போட்டால் எல்லாம் சரியாகும் என்றேன். போடவும் வைத்தேன்.

அந்தக் கோலத்தில்தான் வந்தது வினை. இருட்டோடு போடுவாள். வெயில் ஏறிப் பார்த்தால் வெள்ளை இல்லை, சாம்பல் நிறம்! அரிசி மாவை மிச்சம் பிடிக்க அடுப்புச் சாம்பலைக் கலக்கிறாள் என்று முடிவு கட்டினேன். நாமம் போட்ட வீட்டு வாசலில் சாம்பலா? தெருவுக்கே கேட்கும்படி பேசினேன். மாவு டப்பாவை என் அறையில் வைத்துக்கொண்டு நானே அளந்து கொடுத்தேன். அவளுக்கு இல்லையென்று சொல்ல மூச்சு வேண்டாமா?

ஸ்ரீரங்கம் போனதற்கு முந்தின நாள், புதன்கிழமை, அவளால் எழுந்திருக்கவே முடியவில்லை. சுவரில் சாய்ந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். கோலம் எப்படிப் போடுவதென்று காட்டுகிறேன் பார் என்று நானே இறங்கினேன். பனியும் புகையுமாக எதிர்வீடு தெரியவில்லை. முடிப்பதற்குள் நாலு தடவை நின்று இருமினேன்.

பொழுது விடிந்து பால்காரி பாக்கியம் வந்தாள். குனிந்து பார்த்தாள்.

“இன்னிக்கு நீங்க போட்டதாம்மா?”

“ஆமாம். சுத்தமான அரிசி மாவு.”

“தெரியுது, தெரியுது. எங்க வாசல்லயும் இதே கலருதான். பசு கூட இருமுது. அதுவும் சாம்பல் கலக்குதோ என்னவோ.”

விரலால் தொட்டுப் பார்த்தேன். மேலே கறுப்புப் பொடி. அதைத் தள்ளினால் அடியில் மாவு வெள்ளையாக, போட்டபடியே இருந்தது.

உள்ளே போய் வேதாவின் முன்னால் நின்றேன். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

“துணிமணியை எடுத்து வச்சுக்கோ. நாளைக்கு ஸ்ரீரங்கம்.”

“வாசல்ல யாரும்மா கோலம் போடுவா?”

“அதான் புகைக்கூண்டே போடறதே.”

என் பிள்ளையிடம், உங்கள் துரையிடம் போய் இந்தப் புகையைப் பற்றிச் சொல்லேன்டா என்றேன். வேலை போய்விடும் என்றான். இந்தத் தெருவில் எத்தனை வீட்டில் இருமல் கேட்கிறது என்று இப்போதுதான் காது கொடுக்கிறேன். எல்லோருக்கும் ஸ்ரீரங்கத்தில் ஒரு தங்கை இருப்பாளா?

நேற்றைக்குத் தங்கை சொல்லி அனுப்பியிருந்தாள். வேதாவுக்கு மூச்சு சீராகிவிட்டதாம். வாசலில் சின்னதாக ஒரு கோலம் போட்டாளாம். மத்தியானம் வரை வெள்ளையாகவே இருந்ததாம்.

மாவு டப்பாவை என் அறையிலிருந்து கொண்டுபோய், முன்பு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.