மீனெண்ணெய் பூசிய டிராக்டர்

என் மியூசியத்துக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, இதையெல்லாம் எங்கே படித்தீர்கள் என்றுதான். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். லாரியில் கிளீனராக ஏறி, அதே லாரியை விலைக்கு வாங்கி, பிறகு ஒன்பது லாரி ஓட்டியவன். மில்லர்புரத்தில் லாரி ஷெட்டைக் காலி செய்து பழைய கார்களையும் வயல் மிஷின்களையும் நிறுத்தியபோது என் பிள்ளைகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். இன்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள், நாசரேத்திலிருந்தும் சாத்தான்குளத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். நான்கு கார், ஒரு கதிரடிக்கும் மிஷின், மூன்று ஆயில் என்ஜின், ஒரு டிராக்டர். எல்லாம் ஓடும். ஓடாததை வைத்திருக்க நான் என்ன காயலான் கடையா நடத்துகிறேன்?

அந்த டிராக்டர்தான் ஒரு நாள் கையை விட்டுப் போகப் பார்த்தது. தாமிரபரணிப் பக்கம் நெல் போடுகிற ஒரு அம்மாவுடையது. கணவர் இறந்த பிறகு பல வருஷம் அவரே அதில் ஏறி உழுதவர். புது வண்டி வந்ததும் பழையதை எடைக்குப் போட மனம் வராமல் என்னிடம் கொடுத்தார், ஒரே நிபந்தனையோடு.

"நான் எப்ப வந்தாலும் ஓடணும் அண்ணாச்சி. ஓடலன்னா அன்னைக்கே ஏத்திட்டுப் போயிருவேன்."

சிரித்தேன். என்னிடமா இந்தப் பேச்சு?

எங்கள் ஊர் உப்புக்காற்று இரும்பைச் சும்மா விடாது. மழை முடிவதற்குள் டிராக்டரில் பெயிண்ட் கொப்புளித்து விட்டது. உப்பைச் சமாளிக்கத் தெரிந்தவர்கள் கடலுக்குப் போகிறவர்கள்தானே என்று திரேஸ்புரம் போனேன். அங்கே வள்ளங்களுக்கு மீனெண்ணெய் பூசுவார்கள். டிராக்டருக்கு என்றதும் எண்ணெய் கொடுத்தவர், வள்ளம் மரமல்லவா என்று இழுத்தார். இரும்புக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு ஆணி விடாமல் நானே பூசினேன். இரண்டு மாதம் தெருப் பூனைகள் எல்லாம் என் ஷெட்டில்தான் கிடந்தன.

அறுவடை முடிந்து அந்த அம்மா வந்தார், மினி லாரியோடு. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்.

"என்ன அண்ணாச்சி, நம்ம வண்டி கடலுக்குப் போய்ட்டு வந்துச்சோ?"

நான் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். என்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. டீசல் பார்த்தேன், டீசல் குழாயில் அடைத்திருந்த காற்றை எடுத்தேன், மறுபடி சுற்றினேன். பேட்டரி சோர்ந்ததுதான் மிச்சம். பார்க்க வந்த ஜனம் முழுக்க என்னைச் சுற்றி நின்றது. டிராக்டரை ஏற்ற, அந்த அம்மா டிரைவரிடம் லாரியைப் பின்னால் எடுக்கச் சொன்னார். என் ஆயுளில் அப்படி வியர்த்ததில்லை.

கடைசியாகத் தொட்டுப் பார்ப்பது போலத்தான் பக்கத்தில் வந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

"இங்கன பாருங்க. நிறுத்துத கம்பி இழுத்தது இழுத்தபடியே ஒட்டிக்கிட்டு நிக்கி."

அந்தக் கம்பியை இழுத்தால் என்ஜினுக்கு டீசல் நின்றுவிடும். விட்டால் தானாகத் திரும்ப வேண்டும். நான் பூசிய மீனெண்ணெய் காய்ந்து பசையாகி அதைப் பிடித்துக்கொண்டது. நாற்பது வருஷம் டீசல் வண்டியோடு கிடந்த எனக்குத் தோன்றவில்லை. தினமும் பொழுது சாய அந்தக் கம்பியை இழுத்த கைக்குத் தெரிந்தது. துணியை டீசலில் நனைத்துத் துடைத்தார், இரண்டு தட்டு தட்டினார். அடுத்த சுற்றிலேயே என்ஜின் பிடித்துக்கொண்டது. ஜனம் கை தட்டியது.

லாரியைக் காலியாகவே வெளியே எடுக்கச் சொன்னார். பிறகு பானெட்டைத் தடவினார்.

"துரு ஏறல. பூசினது நல்லதுதான். அசையுத இடத்துல மட்டும் கை வைக்காதீங்க."

கேட்டீர்களா, பூசினது நல்லதுதான் என்று அவர் வாயாலேயே சொன்னார். அதை நான் எல்லாரிடமும் சொல்கிறேன், மற்றதையும் சொல்கிறேன். அன்றே ஷெட்டுக்கு இன்னொரு சாவி செய்து அவரிடம் கொடுத்தேன். என் பிள்ளைகளிடம்கூட அது கிடையாது. மாதம் ஒரு சனிக்கிழமை வந்து, டிராக்டரை மெயின் ரோடு வரை ஓட்டிவிட்டு வருகிறார். அதைப் பார்க்கவே ஒரு கூட்டம் சேருகிறது.

போன வாரம் அவர் ஊர்க்காரர் ஒருவர் வைக்கோல் வெட்டும் மிஷின் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். அதன் பல்சக்கரத்தில் நான் இன்னும் ஒன்றும் பூசவில்லை. சனிக்கிழமை அந்த அம்மா வரட்டும் என்று வைத்திருக்கிறேன்.