வெயிலில் காயவைத்த தோட்டாக்கள்

சென்ற ஆண்டு கார்த்திகை மழை முடிந்த கையோடு, கொடிகாமத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் நடந்தது இது. சும்மா மழை இல்லை. வீட்டுக்குள்ளேயே முழங்காலளவு வெள்ளம். பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கியிருந்து, தண்ணீர் வடிந்த பிறகுதான் திரும்பி வந்தோம்.

எங்கள் ஊரில் குரங்குத் தொல்லை அதிகம். தென்னையில் குரும்பையைக்கூட விடாது. பலாப்பிஞ்சைக் கடித்து எறிந்துவிட்டு எங்களைப் பார்த்து இளிக்கும். அதனால் என் கணவர் முறைப்படி அனுமதி எடுத்து ஒரு துவக்கு வைத்திருக்கிறார். குரங்கைச் சுடமாட்டார். ஆஞ்சநேயர் கோபிப்பார் என்ற பயம். வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைப்பார், அவை அடுத்த வளவுக்கு ஓடும். அடுத்த வளவுக்காரர் சீனவெடி கொளுத்துவார், அவை திரும்ப எங்களிடம் வரும். எங்கள் தோட்டச் செய்கையில் பாதி இதுதான்.

வெள்ளம் வந்தபோது துவக்கை உயரத்தில் ஏற்றிப் பூட்டிவிட்டுத்தான் வெளிக்கிட்டார். தோட்டாப் பெட்டியைத்தான் மறந்துபோனார். அது அலுமாரியின் அடித்தட்டில் நாட்கணக்காகத் தண்ணீருக்குள் கிடந்தது. எடுத்தபோது மட்டைப் பெட்டி கூழாகிக் கையோடு வந்தது. தோட்டாக்கள் மட்டும் சிவப்பாக, பளபளவென்று, ஒன்றும் நடக்காதவை போல இருந்தன.

வெள்ளம் வடிந்தால் எங்கள் ஊரில் எல்லோரும் செய்வது ஒன்றுதான், வெயில் காட்டுவது. நெல், மெத்தை, கல்யாணப் படம், காணி உறுதிப் பத்திரம், எல்லாம் முற்றத்துக்கு வரும். செத்தல் மிளகாய் பரப்பிய பாய்க்குப் பக்கத்தில் ஒரு சுளகு வைத்து, அதில் தோட்டாக்களையும் பரப்பினோம். எனக்கோ அவருக்கோ அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. காகம் தூக்கிக்கொண்டு போகுமோ என்பதுதான் என் கவலை.

பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அதில்தான் என் தலை சுற்றத் தொடங்கியது.

என் அண்ணை சுளகைக் கண்டதும், "மச்சான், தண்ணி பட்டதை இனி நம்பாதை. கொண்டுபோய்ப் பொலிசிலை குடுத்துவிடு" என்றார்.

அடுத்த வளவுக்காரர் விடவில்லை. "வெளியிலை பிளாஸ்ரிக், அடியிலை பித்தளை. தண்ணி எங்காலை உள்ளுக்குப் போறது? நல்லாக் காய்ஞ்சால் சரி."

"அப்ப உள்ளுக்கிருக்கிற வெடிமருந்து நனைஞ்சிருந்தால்?" என்று நான் கேட்டேன்.

"நனைஞ்சால் வெடியாது, அவ்வளவுதானே! வெடியாததாலை ஆருக்கு என்ன நட்டம்?"

அது எனக்கு நியாயமாகப் பட்டது. அண்ணை சொன்னதும் நியாயமாகப் பட்டது. அண்ணை கதைத்தால் அண்ணை பக்கம், வளவுக்காரர் கதைத்தால் வளவுக்காரர் பக்கம் என்று, மதில் மேல் பூனையாக நின்றேன். என் கணவரோ புதிய தோட்டா எடுக்க அலைய வேண்டுமே என்ற அலுப்பில், தனக்கு வசதியான நியாயத்தைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு காலைநேரம் பலாமரம் நிறையக் குரங்கு. அவர் ஒரு தோட்டாவைப் போட்டு வானத்தைப் பார்த்துச் சுட்டார். படாரென்று வெடித்தது! குரங்குகள் பாய்ந்தன. "பாத்தீரே? உம்மடை அண்ணைக்கு எல்லாத்துக்கும் பயம்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. நெஞ்சுக்குள் இருந்த பாரம் இறங்கியது.

குரங்குகள் சும்மா விடுமா? சற்று நேரத்தில் திரும்பி வந்தன. அடுத்ததைப் போட்டு விசையை இழுத்தார். டிக் என்றது, வெடிக்கவில்லை. குழலை மேலே பிடித்தபடி கொஞ்சம் பொறுத்து, பிறகு திறந்து அதை எடுத்து எறிந்தார். ஒன்று நல்லது, ஒன்று செத்தது. அப்படியென்றால் மற்றவை? மறுபடியும் எனக்குக் குழப்பம். மூன்றாவதைப் போட்டார். அது வெடித்ததா இல்லையா என்றே சொல்லத் தெரியவில்லை. ஈரப்பட்டாசு போலப் "புஸ்" என்றது. கொஞ்சம் புகை வந்தது. ஒரு குரங்கும் அசையவில்லை. ஒன்று சாவகாசமாக முதுகைச் சொறிந்துகொண்டிருந்தது.

அவருக்குக் கோபம் ஏறிவிட்டது. துவக்கைத் திறந்து வெறும் தோட்டாக் கோதை எடுத்து எறிந்துவிட்டு அடுத்த தோட்டாவைக் கையில் எடுத்தார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். தோட்டாவுக்குள் சன்னங்களை, அதாவது சின்ன ஈயக்குண்டுகளை, தாங்கிக்கொண்டு ஒரு சின்னப் பிளாஸ்ரிக் கிண்ணம் இருக்கும். ஒவ்வொரு வெடிக்கும் அது பறந்துபோய் என் மிளகாய்ப் பாத்திக்குள் விழும். அதைப் பொறுக்குவது என் தலைவிதி. அதற்காக நான் அவரோடு சண்டை பிடிக்காத நாள் இல்லை. அதனால் வெடிச்சத்தம் கேட்டதும் என் கண் குரங்கைத் தேடாது, அந்தக் கிண்ணம் எங்கே விழுகிறது என்றுதான் பார்க்கும். முதல் வெடிக்கு விழுந்தது. இந்தப் "புஸ்"ஸுக்கு ஒன்றும் விழவில்லை.

"இஞ்சருங்கோ, உள்ளுக்குக் கிடந்த சாமான் எங்கை?" என்று கேட்டேன்.

"எங்கையாவது விழுந்திருக்கும். நீர் பேசாமல் நில்லும்!"

"விழேல்லை. நான் பாத்துக்கொண்டுதானே நிக்கிறன்."

எனக்கு அதன் அர்த்தம் தெரிந்து கேட்கவில்லை. பாத்திக்குள் கிடந்தால் பொறுக்க வேண்டுமே என்றுதான் கேட்டேன். அவரும் என்னை மடக்கத்தான், கையிலிருந்த தோட்டாவை மடியில் செருகிவிட்டு, திறந்திருந்த துவக்கின் பின்பக்கத்தால் குழலுக்குள் பார்த்தார். மறுமுனையில் வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பிறகு துவக்கை மெதுவாக நிலத்தில் வைத்தார்.

துவக்கையும் மிஞ்சிய தோட்டாக்களையும் அன்றே பொலிசுக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒருவர் கம்பி விட்டுக் குத்த, குழலின் நடுவில் இறுகிக் கிடந்த கிண்ணமும் சன்னங்களும் வெளியே வந்து விழுந்தன. இன்னொன்றைப் போட்டுச் சுட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கேட்டேன். அவருக்குத் தமிழ் அவ்வளவாக வராது. துவக்கின் குழலைத் தொட்டுவிட்டு, ஐந்து விரல்களையும் குவித்துப் பிடித்து, சட்டென்று விரித்துக் காட்டினார். பிறகு என் கணவரின் முகத்தைச் சுட்டிக் காட்டினார்.

அப்போதும் என் குழப்பம் தீரவில்லை. "ஒரே பெட்டி, ஒரே தண்ணி, ஒரே வெயில். ஒண்டு வெடிச்சது, ஒண்டு வெடிக்கேல்லை, ஒண்டு இப்பிடி. இதிலை எது நல்லதெண்டு எப்பிடிப் பாக்கிறது?" என்று கேட்டேன்.

"பார்த்துச் சொல்ல முடியாது, அம்மா. எனக்கும் தெரியாது" என்று தட்டுத்தடுமாறிச் சொன்னார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். இத்தனை வருடம் தினம் பார்த்த முகம்தான். தொட்டுப் பார்க்க வேண்டும் போல இருந்தது. பேருந்தில் ஆட்கள் இருந்ததால் தொடவில்லை.

எல்லாத் தோட்டாவும் செத்துப்போயிருந்தால் அன்று காலையே சலித்துப்போய்க் கொண்டுபோய்க் கொடுத்திருப்போம். நன்றாக வெடித்து எங்கள் இரண்டு பேரையும் சிரிக்கவைத்த அந்த முதல் தோட்டாதான், இவரை என்னிடமிருந்து பறிக்கப் பார்த்தது என்பதை இன்றைக்கும் அவர் சாப்பிட உட்காரும்போது நினைத்துக்கொள்கிறேன்.